'ஃப்ளாஷ் இன் த பேன்': எந்தக் கிண்ணி, எந்த மின்னல், தமிழில் எப்படிச் சொல்வது?

#1 · தாள்திருத்தி

விளையாட்டுப் பக்கத்துக்கு ஒரு வரி மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது. அறிமுக ஆட்டத்திலேயே விக்கெட்டுகளை அள்ளிய ஒரு பந்துவீச்சாளர், அடுத்த தொடரிலும் நன்றாக வீசியிருக்கிறார். முதல் ஆட்டம் வெறும் 'ஃப்ளாஷ் இன் த பேன்' அல்ல என்று ஆங்கில மூலக் கட்டுரை முடிகிறது.

இரண்டு சிக்கல்கள். முதலாவது பொருள். "ஆரவாரமாகத் தொடங்கிப் பலன் இல்லாமல் போனது" என்று சிலர் விளக்குகிறார்கள், "ஒரே ஒருமுறை கிடைத்த வெற்றி" என்று வேறு சிலர். இரண்டும் ஒன்றல்ல. முதலாவதில் வெற்றியே இல்லை, இரண்டாவதில் வெற்றி உண்டு, தொடர்ச்சிதான் இல்லை.

இரண்டாவது பிறப்பு, அதாவது இதிலுள்ள 'பேன்' எந்தத் தட்டு என்பது. தங்கம் அரிக்கும் தட்டு, வாணலியில் பற்றும் எண்ணெய், பழைய கேமராக்காரர் தூக்கிப் பிடித்த வெளிச்சத் தட்டு, துப்பாக்கியின் மருந்துக் கிண்ணி என்று நான்கு கதைகள் சுற்றுகின்றன. எது சரி? தமிழில் 'புஸ்வாணம்' என்று போட்டுவிடலாமா?

#2 · வேர்ச்சொல்

பிறப்பை முதலில் முடித்துவிடலாம், அதில் குழப்பத்துக்கே இடமில்லை. ஆண்டுகளை வரிசையாக வைத்தாலே மூன்று கதைகள் விழுந்துவிடும்.

இந்தத் தொடரை எழுத்தில் காட்டும்போது வழக்கமாக எடுத்துக்காட்டப்படுவது 1687. எல்கானா செட்டில் என்ற நாடக ஆசிரியர், தன் போட்டியாளரான டிரைடனின் நாடகங்களைக் கிழித்து எழுதிய நூலில் இது வருகிறது. பீரங்கிகள் வெடிக்காமல் கிண்ணியில் மட்டும் மின்னிவிட்டு அடங்கும் அளவுக்கு நல்ல பிள்ளைகளாக இருந்தால், டிரைடன்கூடத் துணிந்து கடலுக்குப் போவார் என்று சீண்டுகிறார். பீரங்கி என்றே சொல்லிவிட்டதால் எந்தக் கிண்ணி என்று யோசிக்க வேண்டியதில்லை.

தங்கக் கதைக்கு வருவோம். கலிஃபோர்னியாவில் சட்டரின் மர ஆலையருகே தங்கம் கண்ணில் பட்டது 1848 ஜனவரியில். செட்டில் எழுதி அதற்குள் 161 ஆண்டுகள் ஓடிவிட்டன. தட்டில் ஏதோ மின்ன, தங்கமென்று குனிந்து பார்த்தால் வெறும் கந்தகக்கல் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பேரன் தாத்தாவைப் பெற முடியாது.

கேமராவின் மக்னீசியப் பொடி வந்தது 1887. அது இன்னும் பிந்தியது, சரியாக 200 ஆண்டு. வாணலிக் கதையைத் தள்ள ஆண்டுக்கணக்கு உதவாது, வாணலி என்றைக்கும் இருந்ததுதான். அதைத் தள்ளுவது பொருள். எண்ணெய் குப்பென்று பற்றினால் அது ஆபத்து. எதிர்பார்த்தது நடக்காமல் போன ஏமாற்றம் அதில் எங்கே இருக்கிறது? இந்தத் தொடரின் உயிரே அந்த ஏமாற்றம்தான்.

#3 · கருமருந்து75

வேர்ச்சொல் சொன்னது சரி. அந்த ஏமாற்றம் எங்கிருந்து வருகிறது என்று புரிய, துப்பாக்கியின் பக்கவாட்டை ஒருமுறை கிட்டத்தில் பார்க்க வேண்டும். நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சக்கிமுக்கித் துப்பாக்கியில் நெருப்பு இரண்டு கட்டமாக நடக்கிறது. குழலுக்குள் ஒரு மருந்து, குழலுக்கு வெளியே ஒரு மருந்து. வெளியே இருப்பது வலப்பக்கத்தில் ஒட்டிய சின்னக் கிண்ணியில். உள்ளங்கைக் குழியில் தீர்த்தம் வாங்குவோமே, அதைவிடச் சின்னப் பள்ளம். இரண்டையும் இணைப்பது குழலின் சுவரில் போட்ட ஒரு துளை மட்டுமே. இன்று விளையாட்டுக்காகச் செய்யும் துப்பாக்கிகளில் அது ஒன்றரை மில்லிமீட்டர் அளவு இருக்கும், படைத் துப்பாக்கிகளில் இன்னும் கொஞ்சம் பெரிது.

விசையை இழுத்ததும் நடப்பது இது. குதிரை (விசையை இழுத்தால் பாய்ந்து அடிக்கும் சுத்தியல் போன்ற பகுதி) வாயில் தோல் துண்டு சுற்றி இறுக்கிய சக்கிமுக்கிக் கல் இருக்கும். குதிரை பாய்ந்து, கிண்ணியை மூடி நிற்கும் எஃகுத் தகட்டில் கல்லை உரசும். கல் எஃகைச் சீவும். சீவப்பட்ட துகள்கள் சூடேறிப் பொறியாகும் (பொறி கல்லிலிருந்து வருவதாகப் பலர் எழுதுகிறார்கள், எரிவது எஃகு). அதே அடியில் தகடு பின்னால் சாய்ந்து கிண்ணி திறந்துகொள்ளும். பொறி கிண்ணி மருந்தில் விழும், குப்பென்று ஒரு மின்னல், வெள்ளைப் புகை. அந்தச் சுடரில் ஒரு நாக்கு துளை வழியே உள்ளே போய்ப் பெருமருந்தைத் தொட்டால் துப்பாக்கி வெடிக்கும், குண்டு போகும்.

அந்த நாக்கு உள்ளே போகாவிட்டால்? மின்னல் உண்டு, புகை உண்டு, முகத்தில் வெக்கை உண்டு, குண்டு மட்டும் குழலுக்குள்ளேயே கிடக்கும். அதுதான் 'ஃப்ளாஷ் இன் த பேன்', கிண்ணியோடு நின்றுபோன மின்னல்.

ஏன் நிற்கிறது என்பதற்குப் பல காரணங்கள். முதன்மையானது அடைப்பு. கருமருந்து என்பது 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். சுடச்சுட அது குழலிலும் துளையிலும் கசடாகப் படியும். ஈரக் காற்றை உறிஞ்சிக் கூழாகி, காய்ந்ததும் கெட்டியாகி, துளையை அடைத்துவிடும். அதற்காகத்தான் பிரித்தானியப் படைவீரனின் மார்புப் பட்டையில் ஒரு கம்பி ஊசியும் சின்னப் பிரஷ்ஷும் தொங்கின. ஊசி துளையைக் குத்த, பிரஷ் கிண்ணியைத் துடைக்க.

அடுத்தது ஈரம். கிண்ணி மருந்து காய்ந்திருந்து, உள்ளே அடிமருந்து நனைந்திருந்தால் இதேதான் நடக்கும். துடைத்த எண்ணெய் குழலின் அடியில் தேங்கி நின்றாலும் அப்படியே. எண்ணெய் மிஞ்சினால் மருந்து கெடும் என்பது பலருக்குத் தோன்றாது.

மூன்றாவது மறதி. வீரன் அவசரத்தில் கிண்ணியில் மருந்து போட்டுவிட்டு, குழலில் போட மறந்திருப்பான். போட்டதைச் சரியாக இடிக்காமல் விட்டிருப்பான். அடிமருந்துக்கும் துளைக்கும் நடுவே வெற்றிடம் இருந்தால் சுடர் எட்டாது.

கிண்ணியில் மருந்தை நிறைய கொட்டுவதும் தப்பு. நிறையக் கொட்டினால் நெருப்பு பலமாகும் என்றுதான் தோன்றும். துளையை மூடும் அளவுக்குக் கொட்டினால் அந்த மருந்து திரி மாதிரி மெல்ல எரிந்து உள்ளே போக வேண்டியிருக்கும், சுடர் பாய்ந்து போக இடமிருக்காது. 0.2 முதல் 0.3 கிராம் வரை போட்டு, கிண்ணியில் பாதிக்கு மேல் ஏறாமல், துளையை விட்டுத் தள்ளி வைப்பதே பழகிய கை.

#4 · தாள்திருத்தி

அருமை. ஒரே ஒரு ஐயம். இது அடிக்கடி நடந்ததா? எப்போதாவது நடப்பது பேச்சுவழக்கில் ஏறாதே.

#5 · கருமருந்து75

அடிக்கடி நடந்தது. 1834-ல் இங்கிலாந்தின் ஊலிச்சில் அரசு ஒரு சோதனை நடத்தியது. சக்கிமுக்கித் துப்பாக்கிகளையும், புதிதாக வந்த தொப்பிக்கேப்புத் துப்பாக்கிகளையும் (கல்லும் கிண்ணியும் இல்லாமல், அடித்தால் பற்றும் மருந்து வைத்த சின்ன உலோகத் தொப்பியால் சுடுபவை) ஆயிரக்கணக்கில் சுட்டுப் பார்த்தார்கள். சக்கிமுக்கியில் ஏறத்தாழ ஆறரைச் சுடுதலுக்கு ஒன்று தவறியது, கேப்பில் 166-க்கு ஒன்று. தவறியது எல்லாமே கிண்ணி மின்னல் அல்ல. கல் மழுங்கிப் பொறியே வராததும் இந்தக் கணக்கில் சேரும். ஒரு கல்லுக்கு 20 முதல் 30 சுடுதல்தான் ஆயுள், பிறகு கல்லைத் திருப்ப வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். பிரித்தானியப் படைக்கு இந்தக் கற்களை உடைத்துக் கொடுத்த ஊர் சஃபோக்கிலுள்ள பிராண்டன்.

ஆக ஏழு பேர் சுட்டால் ஒருவருடையது வெடிக்காத காலம் அது. வழக்கில் ஏறாமல் எப்படி இருக்கும்?

#6 · கிழக்குக்கரை

கருமருந்து அண்ணை சொன்னதோட இன்னொண்டையும் சேர்க்கலாம். வரிசையா நிண்டு எல்லாரும் ஒரே நேரம் சுடேக்க, தன்ர துவக்கு வெடிச்சதோ இல்லையோ எண்டு சுட்டவனுக்கே தெரியாது. பக்கத்தில வெடிச்ச சத்தம், முன்னால புகை. கிண்ணி மட்டும் மின்னினதை வெடிச்சதா நினைச்சு, அடுத்த மருந்தையும் குண்டையும் அதுக்கு மேலயே கெட்டிச்சுவிடுவான். 1863-ல அமெரிக்க உள்நாட்டுப் போரில கெட்டிஸ்பேர்க் சண்டைக்குப் பிறகு களத்தில பொறுக்கின 27,574 துவக்குகளில 24,000 அளவில கெட்டிச்சபடியே கிடந்தது எண்டும், அதில பாதி அளவில ரெண்டு தரம் கெட்டிச்சது எண்டும் பதிவு இருக்கு.

#7 · கருமருந்து75

எண்கள் சரி, ஆனால் அந்தச் சான்று இங்கே பொருந்தாது. கெட்டிஸ்பெர்க் துப்பாக்கிகள் பெரும்பாலும் கேப் வகை, அவற்றில் கிண்ணியே கிடையாது. கேப் வைக்க மறந்தது, பயத்தில் சுடாமலே கெட்டித்துக்கொண்டு போனது போன்ற காரணங்களுக்கு அதைச் சொல்லலாம். சத்தத்தில் தெரியாமல் போகும் என்ற உங்கள் முதல் பாதி மட்டும் சக்கிமுக்கிக்கு முழுக்கப் பொருந்தும். இரட்டை மருந்து ஏறியது தெரியாமல் அடுத்த முறை அது வெடித்தால் குழலே பிளக்கலாம்.

#8 · கிழக்குக்கரை

ஓம், சரி. கேப் துவக்கு எண்டதைக் கவனிக்கேல்லை. திருத்தினதுக்கு நன்றி.

#9 · வேர்ச்சொல்

துப்பாக்கிக் கிண்ணிதான் என்பதற்கு ஆங்கிலத்துக்கு வெளியேயும் சாட்சிகள் இருக்கின்றன. இவை எனக்கு மிகவும் பிடித்தவை.

ஜெர்மனில் 'அப்ப்ளிட்சென்' என்று ஒரு வினை. ஒருவரிடம் போய்க் கேட்டு மூக்குடைபட்டுத் திரும்புவதற்கு இன்று சொல்கிறார்கள். பிளிட்ஸ் என்றால் மின்னல். குண்டைத் தள்ளாமல் மருந்து கிண்ணியிலேயே மின்னி வீணாவதுதான் அதன் பழைய பொருள். அதே மொழியில் ஒருவனிடம் சரக்கு இருக்கிறது என்பதற்குக் 'கிண்ணியில் ஏதோ வைத்திருக்கிறான்' என்பார்கள். கிண்ணியில் மருந்து போட்டுத் தயாராக நிற்பவன் என்ற கருத்து.

வடக்கே இன்னும் அழகு. கிண்ணி மருந்துக்கு இந்தியில் 'ரஞ்சக்' என்று பெயர். 'ரஞ்சக் சாட் ஜானா' என்று ஒரு வழக்கு. ரஞ்சகத்தை நக்கிவிட்டுப் போவது. துப்பாக்கி கிண்ணி மருந்தை மட்டும் நக்கிவிட்டுக் குண்டை விடாமல் நின்றுவிட்டது என்று பொருள். ஆங்கிலேயன் கண்ணால் பார்த்ததைச் சொன்னான், இந்திக்காரன் துப்பாக்கிக்கு ஒரு நாக்கு வைத்துச் சொன்னான். இரண்டு மொழியும் ஒரே நிகழ்வைத்தான் பிடித்திருக்கின்றன.

#10 · பெவிலியன்முனை

பிறப்பு தெளிவாகிவிட்டது. தாள்திருத்தி கேட்ட பொருளுக்கு வருகிறேன், பத்திரிகைக்கு அதுதான் வேண்டும்.

துப்பாக்கிக் கணக்குப்படி பார்த்தால் பழைய பொருள் "வெடிக்கவே இல்லை" என்பது. ஆனால் இன்றைய விளையாட்டுப் பக்கங்களில் யாரும் அந்தப் பொருளில் எழுதுவதில்லை. ஒரே ஒருமுறை பிரகாசித்துவிட்டுப் பிறகு காணாமல் போவதைத்தான் சொல்கிறார்கள். இந்தப் பொருளில் குண்டு ஒருமுறை நன்றாகவே போயிருக்கிறது!

எடுத்துக்காட்டுக்கு இருவரை அருகருகே வைக்கிறேன். 1972-ல் லார்ட்ஸில் ஆஸ்திரேலியாவின் பாப் மேசி, அறிமுக டெஸ்ட்டில் 137 ஓட்டங்களுக்கு 16 விக்கெட். அவர் ஆடியது மொத்தமே 6 டெஸ்ட், 31 விக்கெட். பாதிக்கு மேல் அந்த ஓர் ஆட்டத்தில் வந்தது. இந்தத் தொடரை ஆங்கில எழுத்தாளர்கள் அவர் மேல் வைப்பது இயல்பு.

1988 ஜனவரியில் நம் சேப்பாக்கத்தில் நரேந்திர ஹிர்வானி, அதுவும் அறிமுக டெஸ்ட், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 136 ஓட்டங்களுக்கு 16 விக்கெட். மேசியைவிட ஓர் ஓட்டம் குறைவு. மொத்தம் 17 டெஸ்ட், 66 விக்கெட். அவரையும் இதே தொடரால் சுட்டுவதைப் பார்க்கிறோம். அது நியாயமில்லை என்பது என் உறுதியான எண்ணம். முதல் 4 டெஸ்ட்டில் அவர் எடுத்தது 36 விக்கெட். சேப்பாக்கத்துக்குப் பிறகு வந்த நியூசிலாந்துத் தொடரில் மூன்று டெஸ்ட்டில் 20. பிறகு குறைந்தது உண்மை. ஆனால் ஒருமுறை மின்னி அணைந்தவர் கணக்கில் வரமாட்டார்.

எனவே தாள்திருத்தியின் வரிக்கு இரண்டாவது பொருள்தான். "அல்ல" என்ற மறுப்போடு வரும்போது எப்போதும் அதுதான்: முதல் வெற்றி உண்மை, அது தொடர்ந்தும் இருக்கிறது.

#11 · தாள்திருத்தி

அப்படியென்றால் புஸ்வாணம்?

#12 · பெவிலியன்முனை

கூடாது. "எதிர்பார்ப்பு புஸ்வாணமானது" என்று நாம் எழுதும்போது ஒன்றுமே நடக்கவில்லை என்கிறோம். 16 விக்கெட் எடுத்தவரைப் புஸ்வாணம் என்றால் வாசகர் அடுத்த வரியிலேயே குழம்புவார்.

#13 · சொற்கிடங்கு

ஆனால் பழைய பொருளுக்குப் புஸ்வாணம் மிக அருகில் வருகிறது, அதை விட்டுவிட வேண்டாம். கூட்டணிப் பேச்சு, வேலைநிறுத்த அறிவிப்பு, பெரிய விளம்பரத்தோடு வந்த ஒரு திட்டம் என்று எதுவானாலும், ஆரவாரத்தோடு தொடங்கி அடங்கினால் நம் செய்தித்தாள்கள் எழுதுவது "புஸ்வாணமானது" என்றுதான். இந்த இடங்களில் ஆங்கில மூலத்தில் 'ஃப்ளாஷ் இன் த பேன்' இருந்தால் தயங்காமல் போடலாம்.

ஒரு நுணுக்கம் மட்டும். மத்தாப்புப் பெட்டியிலிருக்கும் புஸ்வாணம் தோற்றுப்போன பொருளல்ல. மண்கூம்பின் வாயிலிருந்து பூப்பூவாகச் சொரிவதுதான் அதன் வேலை, அதனால்தான் பூச்சட்டி என்றும் பெயர். வெடிக்க வேண்டும் என்று யாரும் அதை வாங்குவதில்லை. பிறகு ஏன் அது தோல்விக்குப் பெயரானது? அணுகுண்டுக்கும் லட்சுமி வெடிக்கும் நடுவே வைத்துப் பார்த்தால் புரியும். வெடி என்று காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறவனுக்குப் 'புஸ்' என்ற சத்தம் மட்டும் கேட்டால் ஏமாற்றம். வழக்கு அந்த ஒலியிலிருந்து வந்தது, அந்தப் பொருளின் குறையிலிருந்து வந்ததல்ல. பலூன் 'புஸ்'ஸென்று போனது, கோபம் 'புஸ்'ஸென்று அடங்கியது என்பதெல்லாம் அதே ஒலி.

'நமத்துப்போன பட்டாசு' வேறு. அதில் பொறியே இல்லை. திரி கருகும், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் அதற்கு நேராக 'டேம்ப் ஸ்க்விப்' இருக்கிறது, ஈர வெடி. எதிர்பார்த்து உட்கார்ந்தோம், நிகழ்ச்சி சப்பென்று இருந்தது என்னும் இடத்துக்கு அது. கிண்ணி மின்னலில் தொடக்க வெளிச்சம் உண்மையாகவே வந்தது. இந்த வேறுபாட்டை மொழிபெயர்ப்பில் காப்பாற்ற வேண்டும்.

#14 · கிழக்குக்கரை

'ஆரம்ப சூரத்தனம்' எண்டு போட்டால் என்ன? தொடக்கத்தில வீரம், பிறகு ஒண்டுமில்லை. பழகின சொல்லும்கூட.

#15 · சொற்கிடங்கு

நல்ல சொல், ஆனால் அது ஆளின் குணத்தைக் குறிக்கிறது. எதைத் தொட்டாலும் முதல் வாரம் பாய்ந்து பாய்ந்து செய்து, அடுத்த வாரம் கைவிடுகிறவன் ஆரம்ப சூரன். அதில் குற்றம் அவனுடையது, முயற்சி போதவில்லை. கிண்ணி மின்னலில் யார் மேலும் குற்றமில்லை. பந்துவீச்சாளர் உயிரைக் கொடுத்து வீசியும் ஸ்விங் திரும்பி வராமல் போகலாம். புதுவருட உறுதிமொழி, உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பணம் கட்டுவது போன்ற இடங்களில் ஆரம்ப சூரத்தனம் அச்சாகப் பொருந்தும்.

இன்னும் சிலவற்றையும் பார்க்கலாம். 'காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது' தற்செயலைச் சொல்கிறது, ஆங்கில 'ஃப்ளூக்'குக்கு அது சரி. திறமையே இல்லை என்ற தொனி வந்துவிடும். 'மழைக்கு முளைத்த காளான்' திடீரென்று தோன்றியவர்களை இகழ்வது. 'அத்தி பூத்தாற்போல' அருமையாக நடப்பதைச் சொல்வது, பாராட்டுகூட. 'ஈசல் வாழ்வு' ஆயுள் குறைவைச் சொல்கிறது, முதல் வெளிச்சம் அதில் இல்லை. எதுவும் முழுக்க ஒட்டவில்லை.

ஒட்டுவது ஒன்று இருக்கிறது: 'சருகு நெருப்பு', 'வைக்கோல் நெருப்பு'. குப்பென்று ஆள் உயரத்துக்கு எழும், நிஜமாகவே சுடும், அடுத்த நிமிடம் சாம்பல். பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இதே கருத்துக்கு வைக்கோல் நெருப்பைத்தான் சொல்கிறார்கள், ஆனால் நாம் அவர்களிடம் போக வேண்டியதில்லை. களத்துமேட்டைப் பார்த்த யாருக்கும் விளக்காமலே புரியும். எரிந்தது, ஆனால் நிற்கவில்லை என்ற இரண்டாம் பொருளை இது சரியாகப் பிடிக்கிறது.

#16 · பெவிலியன்முனை

சருகு நெருப்பு நன்றாக இருக்கிறது. ஆனால் "சருகு நெருப்பு அல்ல" என்று மறுப்பில் எழுதினால் விளையாட்டுப் பக்கத்தில் கொஞ்சம் கனமாகத் தெரியும். படிமம் வேண்டாம், நேராகச் சொல்லலாம்: "ஒரே ஆட்டத்தோடு அணைந்துவிடும் வெளிச்சம் இல்லை என்று காட்டிவிட்டார்." நெருப்பு சம்பந்தம் மிச்சமிருக்கிறது, புரிவதற்கு நின்று யோசிக்க வேண்டியதுமில்லை.

#17 · ஊசிமுனை

இழையை முழுக்கப் படித்தேன். கருமருந்து75 ஐயாவிடம் ஒரு கேள்வி. 'ஹேங் ஃபயர்', 'ஹாஃப் காக்ட்' இரண்டும் இதே துப்பாக்கியிலிருந்து வந்தவைதானா? மாணவர்களுக்கான சொல் விளக்கத்தில் மூன்றையும் ஒரே வரியில் "தோல்வி" என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன்.

#18 · கருமருந்து75

மூன்றும் அதே துப்பாக்கிதான், ஆனால் மூன்றும் வெவ்வேறு கட்டத்தில் நடக்கும் கோளாறுகள். ஒரே வரியில் போட்டது தவறு.

குதிரைக்கு இரண்டு நிலைகள் உண்டு, பாதி ஏற்றம், முழு ஏற்றம். பாதி ஏற்றத்தில் உள்ளே ஒரு ஆழமான வெட்டில் கொக்கி மாட்டிக்கொள்ளும், விசையை இழுத்தாலும் விழாது. கெட்டிக்கும்போது குதிரை அந்த நிலையில்தான் நிற்க வேண்டும். வீரன் தாள் தோட்டாவைப் பல்லால் கிழிப்பான், கிண்ணியில் ஒரு சிட்டிகை கொட்டித் தகட்டை மூடுவான், மீதியைக் குழலில் கொட்டுவான், குண்டையும் தாளையும் வைத்து இடிகம்பியால் இடிப்பான். பிறகுதான் முழு ஏற்றம். பழகியவர்கள் நிமிடத்துக்கு மூன்று முறை செய்தார்கள். அந்த வெட்டு தேய்ந்திருந்தால், கெட்டித்துக்கொண்டிருக்கும்போதே குதிரை விழுந்து துப்பாக்கி வெடித்துவிடும். இடிகம்பி குழலுக்குள் இருக்கும், கை அதன் நேரே இருக்கும். 'கோயிங் ஆஃப் ஹாஃப் காக்ட்' அதுதான், தயாராகும் முன்பே வெடிப்பது. பேச்சில் "முழுசாகத் தெரிந்துகொள்ளாமல் அவசரப்பட்டு இறங்கிவிட்டார்" என்று பொருள். தமிழில் 'அரைகுறை ஆயத்தம்' போதும்.

'ஹேங் ஃபயர்' தாமதம். கிண்ணி மின்னும், துளைக்குள் கசடோ ஈரமோ இருப்பதால் நெருப்பு உள்ளே ஊர்ந்து போகும், சற்றுப் பொறுத்து வெடிக்கும். பேச்சில் "முடிவைத் தள்ளிப்போடு, இப்போதைக்குப் பொறு" என்று பொருள். தோல்வியே இல்லை அதில்.

ஹேங் ஃபயரையும் கிண்ணி மின்னலையும் பிரித்தறிய முடியாததுதான் களத்தில் ஆபத்து. கிண்ணி மின்னி, துப்பாக்கி வெடிக்கவில்லை. இது நின்றுபோன மின்னலா, தாமதிக்கும் நெருப்பா? அந்த நொடியில் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் பழைய துப்பாக்கி சுடும் சங்கங்களில் கண்டிப்பான விதி ஒன்று உண்டு. மின்னல் வந்து வெடிக்காவிட்டால் குழலை இலக்கை விட்டு அசைக்கக் கூடாது. குறைந்தது அரை நிமிடம், பல இடங்களில் ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருக்க வேண்டும். என்ன ஆயிற்று என்று துளையில் எட்டிப்பார்ப்பவர்தான் காயப்படுவார். நேரம் கழிந்ததும் பாதி ஏற்றத்தில் வைத்து, துளையை ஊசியால் குத்தி, கிண்ணியைத் துடைத்துப் புதுமருந்து போட்டு, மறுபடி சுட வேண்டும். பெரும்பாலும் அதிலேயே வெடித்துவிடும். ஊசி உள்ளே போகும்போது அடிமருந்து முனையில் நறநறவென்று தட்டுப்பட்டால் மருந்து இருக்கிறது. வெறுமையாக இறங்கினால், குழலில் மருந்து போடவே மறந்திருக்கிறார்கள்.

இந்தக் கிண்ணி மின்னல் இன்னொன்றையும் செய்தது. வெடிப்பதற்கு ஒரு கணம் முன்பே மின்னிக் காட்டிக்கொடுத்ததால் நீர்ப்பறவைகள் முங்கித் தப்பின. அது பொறுக்காத ஸ்காட்லாந்து பாதிரியார் அலெக்சாண்டர் ஃபார்சித், அடித்தால் பற்றும் மருந்தைத் துப்பாக்கிக்குக் கொண்டுவந்து 1807-ல் காப்புரிமை வாங்கினார். அங்கிருந்துதான் கேப் வந்தது, கிண்ணி போனது. பொருள் போய் 150 ஆண்டுக்கு மேலாகியும் தொடர் மட்டும் நிற்கிறது.

#19 · ஊசிமுனை

மிக்க நன்றி ஐயா. 'லாக், ஸ்டாக் அண்ட் பேரல்' பற்றியும் ஒரு வரி?

#20 · வேர்ச்சொல்

அது எளிது. பொறிப்பகுதி, கட்டை, குழல் மூன்றும் சேர்ந்தால் முழுத் துப்பாக்கி, ஆகவே "முழுக்க முழுக்க". தமிழில் 'அடியோடு', 'மூட்டை முடிச்சோடு', 'ஒன்று விடாமல்' என்று இடத்துக்கேற்றபடி. கடையை அப்படியே விற்றுவிட்டார் என்றால் 'ஒன்று விடாமல்', ஊரைக் காலி செய்தார் என்றால் 'மூட்டை முடிச்சோடு'. பூட்டு, பீப்பாய் என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். 'லாக்' இங்கே பூட்டல்ல, நாம் இவ்வளவு நேரம் பேசிய குதிரை, தகடு, கிண்ணி அடங்கிய பகுதி.

#21 · கிழக்குக்கரை

கருமருந்து அண்ணை சொன்ன அந்தப் படைத் துவக்கு எங்கட பக்கத்துக்கும் தொடர்புடையதுதான். 'இந்தியா பேட்டர்ன்' எண்டு பெயர், கிழக்கிந்தியக் கம்பனிக்காகச் செய்த மாதிரி. குழல் 39 அங்குலம். 1790-களில பிரித்தானியப் படையே அதை எடுத்துக்கொண்டது. மலிவாவும் விரைவாவும் செய்யக்கூடிய மாதிரி எண்டதுதான் காரணம்.

#22 · கருமருந்து75

ஆமாம். குழலின் உள்விட்டம் 0.75 அங்குலம், குண்டு 0.69 அங்குலம். அந்த இடைவெளி தெரிந்தே விட்டது. கசடு படிந்த பிறகும் குண்டு தடையில்லாமல் இறங்க வேண்டும். தோட்டாவுக்கு சுமார் 10 கிராம் மருந்து, கிண்ணிக்கான சிட்டிகையும் அதிலேயே அடக்கம். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் படைக்கலப் பகுதிக்குப் போகிறவர்கள் பழைய துப்பாக்கிகளில் வலப்பக்கத்தைப் பாருங்கள். கிண்ணியும் துளையும் இருந்தால் கல் அல்லது திரி வகை, துளைக்குப் பதில் சின்னக் குமிழ் மாதிரி ஒரு முளை இருந்தால் கேப் வகை.

#23 · தாள்திருத்தி

எல்லோருக்கும் நன்றி. வரி இப்படிப் போகிறது: "சேப்பாக்கத்தில் கண்டது ஒரே ஆட்டத்தோடு அணைந்துவிடும் வெளிச்சம் இல்லை என்பதை இந்தத் தொடரில் காட்டிவிட்டார்."

அதே கட்டுரையில் இன்னோர் இடத்தில், அணி நிர்வாகத்தின் சீர்திருத்த அறிவிப்பைப் பற்றியும் மூலத்தில் இதே தொடர் இருக்கிறது. அறிவித்தார்கள், குழு போட்டார்கள், ஒன்றும் நடக்கவில்லை. அங்கே "புஸ்வாணமானது" போட்டிருக்கிறேன். ஆங்கிலத்தில் ஒரே தொடர், தமிழில் இரண்டு. ஆசிரியர் கேட்டால் இந்த இழையைக் காட்டிவிடலாம்.

#24 · சொற்கிடங்கு

இரண்டும் சரி. முதல் வரியில் "கண்டது" என்பதை "பார்த்தது" என்று மாற்றினால் விளையாட்டுப் பக்கத்தின் நடைக்கு இன்னும் ஒட்டும்.